முனைத்தோல்

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை. அன்றைக்குச் சலூன்காரர் விடியுமுன் எழுந்து முகம் கழுவியதும் முதல் வேலையாக, பீரோவின் மேல் படுக்கை வாட்டில் வைத்திருக்கும் கறுப்பு உறையை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைப்பார். உறைக்குள் இரண்டு துண்டாக அவருடைய மனைவியின் கியூ இருக்கும். பில்லியர்ட்ஸ் மேசையில் பந்தடிக்கும் அந்தக் குச்சிக்கு அந்த வீட்டில் கோல் என்று பெயர். ஆடுகிறவள் அவள். அவர் ஒரு பந்தைக்கூடத் தொட்டதில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். கோலைப் பார்த்துக்கொள்வது மட்டும் அவர் பொறுப்பு. பதினாறு வருஷமாக அந்த வேலையில் வேறு ஆள் கை பட்டதில்லை.

முதலில் துணி. வெந்நீரில் நனைத்து, சொட்டில்லாமல் பிழிந்து, நுனியிலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பு. உடனே காய்ந்த துணியால் இன்னொரு இழுப்பு. நடுவில் மூச்சு விடும் நேரம்கூட ஈரம் மரத்தில் நிற்கக் கூடாது. பிறகு, சலூனில் வாடிக்கையாளர் கழுத்தைச் சுற்றி வைக்கும் காகிதப் பட்டை ஒன்றை நாலாக மடித்து, கோலைச் சுற்றிப் பிடித்து, உள்ளங்கை சூடாகும்வரை மேலும் கீழும் தேய்ப்பார். உப்புத்தாளைத் தண்டின் பக்கமே கொண்டு போகமாட்டார். அதைப் போட்டுத் தேய்ப்பவர்களின் கோல் வருஷா வருஷம் இளைத்துக்கொண்டே போகும் என்பது அவர் கட்சி. இரண்டு துண்டையும் சேர்க்கும் திருகாணி மரையில் அழுக்குச் சேராமல் இருக்கப் பழைய பல் பிரஷ். நுனியில் இருக்கும் வெள்ளைப் பூணில் வழுக்காமல் இருக்கப் பூசும் நீலச் சாக்பீஸ் தூள் ஏறியிருந்தால் அதற்கு ஒரு பொட்டுப் பற்பசை. கடைசியில் துண்டுகளைப் பூட்டி மேசையில் உருட்டிவிட்டு, கன்னத்தை மேசையில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். கோலுக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் ஏறி இறங்கினால் மரம் வளைந்திருக்கிறது என்று பொருள்.

வேலைக்குக் கிளம்புமுன் ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றபடி மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்னை என்னைக்காவது இப்படி உருட்டிப் பாத்திருக்கீங்களா?"

"உனக்கு வளைவு இருக்குன்னு தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டேன்."

இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். காலை ஆறு மணியிலிருந்து மூன்றரை வரைக்கும் நின்றுகொண்டே படுக்கை விரிப்பும் தலையணை உறையும் டாக்டர்களின் பச்சை அங்கியும் தேய்க்க வேண்டும். நீராவியும் சூடும் தாங்காமல் அங்கே பாதிப் பேர் வருஷம் முடிவதற்குள் ஓடிவிடுவார்கள். இவள் இருபத்திரண்டு வருஷம் தாக்குப்பிடித்தவள். சலூனுக்கு நேர் மேலே மாடியில் பில்லியர்ட்ஸ் கூடம். மகள் குழந்தையாக இருந்தபோது, கணவன் கடை சாத்தும்வரை எங்கே உட்காருவது என்று தெரியாமல் மாடிக்குப் போய் உட்கார ஆரம்பித்தவள், ஒரு நாள் ஒரு பந்தை அடித்துப் பார்த்தாள். அது போய்க் குழியில் விழுந்தது. அன்றைக்குப் பிடித்தது. பந்தை மடிப்புக் கலையாமல் கொண்டுபோய் வைக்கிறாள் என்று கூடத்தில் எல்லாரும் அவளை "இஸ்திரி அக்கா" என்றார்கள். இப்போது கூடத்து அணியில் ஐந்து பேர். நாலு ஆண்கள், அவள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முனைத்தோலை மாற்ற வேண்டியிருந்தது. கோலின் நுனியில், பூணுக்கு மேலே, சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு ஒட்டியிருக்கும் தோல் வில்லைதான் முனைத்தோல். பந்தைத் தொடுவது அது மட்டும்தான். அது தேய்ந்து தட்டையாகிவிட்டால் பழையதைச் செதுக்கி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும். பசை பிடித்தபின் பூணுக்கு வெளியே பிதுங்கி நிற்கும் தோலைக் கத்தியால் சுற்றிச் சீவ வேண்டும். பிறகு மேல்பக்கத்தை நாணயத்தின் விளிம்புபோல் உருட்டிவிட்டு, பக்கவாட்டில் லேசாக ஈரம் காட்டி, தோல்வாரால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். சலூன்காரருக்கு இதெல்லாம் கைவந்த வேலை. கத்தி அவருடையது, தோல்வார் அவருடையது. சவரக் கத்தியைத் தீட்டும் அதே வாரில்தான் மனைவியின் கோலும் மினுக்கேறியது.

புதன்கிழமை மாலை அவள் மாடிக்குப் போனாள். இரண்டாவது அடியிலேயே கோல் வழுக்கியது. வெள்ளைப்பந்து நேராகப் போகாமல் ஒருபக்கம் துள்ளி ஓடியது.

"என்ன அக்கா, இஸ்திரி சுருங்கிடுச்சா?" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

அவளும் சிரித்தாள். நான்காவது அடியில் மறுபடி வழுக்கியபோது கோலை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். முனைத்தோல் ஒருபக்கம் சரிந்திருந்தது, தொப்பியைச் சாய்த்து வைத்த மாதிரி. பக்கவாட்டில் நகத்தை ஓட்டினாள். எப்போதும் தோல் எங்கே முடிகிறது, பூண் எங்கே தொடங்குகிறது என்று நகத்துக்குத் தெரியாது. அன்றைக்கு நகம் மாட்டியது. கத்தி உள்ளே போய்ப் பூணில் இரண்டு இடத்தில் கீறியிருந்தது. அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, நீலச் சாக்பீஸை எடுத்து அந்தக் கீறல்கள் மறையும்படி அழுத்தித் தேய்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் அடுப்பைப் பார்த்தபடி கேட்டார். "தோல் எப்படி?"

"நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் படியணும்."

"படிஞ்சிடும்," என்றார் அவர்.

சனிக்கிழமை, வேறொரு கூடத்து அணியோடு நடந்த போட்டியில் அவள் தோற்றாள். எதிரே ஆடியது, கோல் பிடித்து ஆறு மாதமே ஆன ஒரு பெண். கடைசிப் பந்து, எட்டாம் எண் கறுப்பு, குழியின் வாயில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழ வேண்டியது. கோல் வழுக்கி வெள்ளைப்பந்து மட்டும் குழிக்குள் போயிற்று. மற்ற நாலு பேர் ஜெயித்ததால் அணி தப்பியது. கூடத்து முதலாளிதான் அணிக்குத் தலைவர். அவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, அடுத்த சனிக்கிழமை மேல் சுற்று. அங்கயும் இப்படின்னா எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கோல்ல ஏதோ கோளாறு. நம்ம ரிப்பேர்கார லேத்துகிட்ட ஒரு தடவை காட்டுங்க."

"கோல்ல ஒண்ணும் இல்ல. என் கவனம்தான் சரியில்ல."

"அப்ப கவனத்தைச் சரி பண்ணுங்க. இல்லன்னா அந்த இடத்துல வேற ஆளைத்தான் போடணும். தப்பா எடுத்துக்காதீங்க."

மறுநாள் மத்தியானம் அவள் சாப்பாடு எடுத்துக்கொண்டு சலூனுக்குப் போனாள். ஓய்வுபெற்ற தபால்காரர் நாற்காலியில் சாய்ந்து, தாடையைத் தடவிக்கொண்டு, கத்திக்காகக் காத்திருந்தார். இருபது வருஷ வாடிக்கை.

"சார், ஒண்ணு சொல்றேன் கேளுங்க," என்றார் சலூன்காரர். "உங்க முகவெட்டுக்குத் தாடி விட்டா எடுப்பா இருக்கும். இப்ப எல்லாரும் அதான் வைக்கறாங்க. நான் மிஷின்ல ஒழுங்கு பண்ணி விடறேன்."

"தாடியா? தாடியோட போனா என் வீட்டுக்காரி கதவையே திறக்க மாட்டா தம்பி."

"ரெண்டு வாரம் விட்டுப் பாருங்க."

"போன தடவை கத்தி மழுங்கிப்போச்சுன்னீங்க. அதுக்கு முந்தி தோல்ல அலர்ஜி மாதிரி இருக்கு, வேணாம்னீங்க. இப்ப தாடியா?"

தபால்காரர் முனகியபடி எழுந்து போய்விட்டார். அவள் சாப்பாட்டை வைத்துவிட்டுத் திரும்பினாள். தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் கையசைத்தார். அவருக்குத் தாடி. டயர்க்கடைக்காரர், பள்ளி வேன் ஓட்டுகிறவர், கண்ணாடிக்கடை அண்ணன் தம்பி இருவர். எல்லாருக்கும் தாடி. எல்லாரும் தன் கணவனிடம் முகம் கொடுக்கிறவர்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் பதினேழு எண்ணிவிட்டாள். தெருவில் பாதிப் பேரைத் தாடிக்காரர்களாக்கி வைத்திருக்கிறாரே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பூட்டில் சாவியைத் திருப்பும்போது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

உள்ளே போய் உட்கார்ந்தபின் ஒவ்வொன்றாகப் புரிந்தது. சில மாதங்களாக அவர் பாதி தம்ளர் டீதான் கேட்கிறார். வயிறு சரியில்லை என்றார். பொத்தான் வைத்த சட்டையை விட்டு, தலைவழியாக மாட்டும் பனியனுக்கு மாறினார். சூடு என்றார். சாப்பிடும்போது இடது கையை வலது மணிக்கட்டின்மேல் வைத்துக்கொள்கிறார். அதை அவள் புதிதாக வந்த ஒரு பழக்கம் என்றுதான் நினைத்திருந்தாள்.

திங்கள்கிழமை வேலை முடிந்து நேராக மாடிக்குப் போய், கோலை லேத்திடம் கொடுத்தாள். கூடத்தின் பின்னறையில் சின்னக் கடைசல் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு கோல்களைப் பழுது பார்ப்பவன் அவன். முப்பத்தைந்து வயது. அந்த இயந்திரம் வந்த நாளிலிருந்து லேத்து என்றே பெயர். சலூன்காரருக்கு அவனைக் கண்டால் ஆகாது. அவனுடைய இயந்திரத்தைப் "பென்சில் சீவுற மிஷின்" என்பார்.

லேத்து முனையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதை யாரு வெட்டினது?"

"யாரு வெட்டுவா. அவர்தான்."

"அண்ணன் வேலை எனக்குத் தெரியும்க்கா. நான் மெனக்கெட்டு உங்க கோலை எடுத்து நகத்தை ஓட்டிப் பாத்திருக்கேன், நீங்க தண்ணி குடிக்கப் போறப்போ. மிஷின்ல அப்படி வராது." அவன் கீறலைக் காட்டினான். "இது கை ஆடினது. கத்தி உள்ள போயிருக்கு, எடுத்திருக்கார், மறுபடி போயிருக்கு."

அவள் அறைக் கதவைச் சாத்தினாள்.

"மாத்திடட்டுமா?"

"மாத்திடு. ஆனா அவர் செஞ்ச மாதிரியே இருக்கணும். பூணையும் மினுக்கிடு. யாருக்கும் தெரிய வேணாம்."

"அண்ணனுக்குமா?"

"அவருக்குத்தான்."

அந்தச் சனிக்கிழமை அவள் ஜெயித்தாள். அணி மேல் சுற்றைத் தாண்டியது. கூடத்திலிருந்து இறங்கிய ஒவ்வொருவரும் சலூன் கதவைத் தள்ளி, "அண்ணே, அக்கா பின்னி எடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு வரும்போது சலூன்காரர் ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கி வந்தார்.

"நான் சொன்னேன்ல, தோல் படிஞ்சிடும்னு."

"சொன்னீங்க," என்றாள் அவள்.

அவர் கோலை உறையிலிருந்து எடுக்கவில்லை. உறையின்மேல் ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான். மறுநாள் முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். பல நாளைக்குப் பிறகு தம்ளர் நிறைய டீ கேட்டார். அவளும் நிறைய ஊற்றினாள். விளிம்பில் கொஞ்சம் தளும்பியதை இருவருமே பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

திங்கள்கிழமை பத்து மணிக்குச் சலவைக்கூடத்துக்குப் போன் வந்தது. பேசியது ரொட்டிக்கடைக்காரர். அவள் வேலை மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். சலூன் கதவு திறந்து கிடந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. வெள்ளைப் போர்வையில் கையகலத்துக்கு ரத்தம். அவர் மூலையில், வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காலையில் தபால்காரர் வந்திருக்கிறார். சலூன்காரரே "வாங்க சார், இன்னைக்கு மழிச்சிடலாம்" என்று கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். வலது கன்னம் நன்றாக வந்தது. இடது காதுக்குக் கீழே திரும்பும்போது கத்தி இறங்கிவிட்டது. சுண்டுவிரல் நீளம். ரொட்டிக்கடைக்காரர்தான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

ஒரு மணி நேரம் கழித்துத் தபால்காரர் மூன்று தையலும் ஒரு பிளாஸ்திரியுமாகத் திரும்பி வந்தார். இடது கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்து செதிலாக ஒட்டியிருந்தது.

"பெரிசா ஒண்ணும் இல்ல தம்பி. ஆழமா போகலன்னாங்க," என்றார்.

சலூன்காரர் எழுந்து நின்றார்.

"நான் நாய்கிட்ட இதைவிட அதிகமா வாங்கியிருக்கேன். முப்பது வருஷம் லெட்டர் குடுத்தவன்." பிறகு கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். "மீதிப் பாதியை யார் எடுக்கறதுன்னுதான் தெரியல."

அவர் அந்தப் பாதி முகத்தோடு அடுத்த தெருச் சலூனுக்கு நடந்து போனார்.

அவள் போர்வையைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தாள். ரத்தக்கறைக்கு வெந்நீர் ஆகாது, கறை பிடித்துக்கொள்ளும். சலவைக்கூடத்தில் முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. வெளியே நல்ல வெயில். அவர் முகம்கூடக் கழுவாமல் மேசையருகே உட்கார்ந்தார். அவள் முட்டை அவித்து, ரொட்டி சுட்டு வைத்தாள். அவர் தொடவில்லை.

"எனக்கு ஒண்ணுதான் புரியல," என்றார். "கோல் சரியாத்தானே வந்துச்சு?"

அவள் தட்டைப் பார்த்தாள்.

"ஒட்டும்போதே எனக்குச் சந்தேகம். கை ரெண்டு மூணு தடவை தவறுச்சு. வீணாப்போச்சுன்னுதான் நினைச்சேன். நீ நல்லா இருக்குன்ன. சரி, இவ சும்மா சொல்றான்னு நினைச்சேன். அப்புறம் அதே கோலை வெச்சு ஜெயிச்சுட்டு வந்த. அப்பதான் நம்பிக்கை வந்துச்சு. கை ஆடினாலும் வேலைல இறங்கினா நின்னுடும், பழக்கம் பாத்துக்கும்னு. அதனாலதான் அவரைக் கூப்பிட்டேன். நாலு மாசமா கத்தி எடுக்கல. இன்னைக்கு நானா கூப்பிட்டேன்."

அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம். அவர் கோலை எடுத்துப் பார்க்கிற நிலையில் இல்லை. லேத்து வாய் திறக்கமாட்டான். முனை இன்னும் சில மாதத்தில் தேய்ந்து, எப்படியும் செதுக்கி எறியப்படும். இதெல்லாம் அவளுக்கும் தோன்றியது.

"நான் ஜெயிச்சது நீங்க வெச்ச தோல்ல இல்ல," என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"நீங்க வெச்சதுலதான் அதுக்கு முந்தின வாரம் தோத்தேன். ஒருபக்கம் சரிஞ்சிருந்துச்சு. பூண்ல கீறல். லேத்துகிட்ட குடுத்து மாத்தினேன். உங்களுக்குத் தெரியாம இருக்கணும்னு, நீங்க செஞ்ச மாதிரியே செய்யச் சொன்னேன்."

அவர் எழுந்து போய் உறையைக் கொண்டு வந்தார். ஜிப்பைத் திறக்க மூன்று தடவை முயன்றார். அவள் உதவப் போகவில்லை. முனையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். சுற்றிலும் நகத்தை ஓட்டினார். வெகு நேரம் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"சொல்லியிருந்தா நான் கத்தியை எடுத்திருக்க மாட்டேன்."

"தெரியுது."

"அந்த மனுஷன் கண்ணை மூடிக்கிட்டுக் கழுத்தைக் குடுத்தார். எல்லாரும் அப்படித்தான் குடுக்கறாங்க. உன் ஒரு பேச்சை நம்பி நான் அதுமேல கத்தி வெச்சேன்."

"தெரியுதுன்னு சொல்றேன்ல." அவள் ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். "நம்ம தெருவுல எத்தனை தாடி இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"பதினேழு. நான் எண்ணினேன். பதினேழு பேருக்குத் தாடி வெச்சு விடத் தெரிஞ்சுது உங்களுக்கு. பக்கத்துல படுத்திருக்கறவகிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியல. அரை தம்ளர் டீ, வயிறு சரியில்ல. பனியன், சூடா இருக்கு. நானும் கேட்டுக்கிட்டே இருந்தேன். நீங்க மறைச்சீங்க, நான் மறைச்சேன். நடுவுல அந்த மனுஷன் கழுத்து மாட்டிக்கிச்சு."

வெளியே யாரோ சைக்கிளைப் படியில் சாத்தும் சத்தம். அவர் கோலை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"மழைக்காலத்துல ஆரம்பிச்சுது," என்றார். "முதல்ல குளிர்னு நினைச்சேன். அப்புறம் வெயில் வந்தும் நிக்கல. கத்தியைப் பக்கத்துல கொண்டு போகப் போக அதிகமாகுது. தூர வெச்சா சும்மா இருக்கு."

"அப்ப கோலை மட்டும் ஏன் தொட்டீங்க? அதையும் விட்டிருக்கலாம்ல."

"அதுக்கு ரத்தம் வராதுல்ல." அவர் சிரிக்கப் பார்த்தார். "ஒண்ணாவது என் கையில இருக்கட்டும்னு தோணுச்சு."

அவள் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறிப்போன முட்டையை உரித்தாள். பாதியை அவர் வாயில் வைத்தாள். அவர் மென்றார்.

"தோத்தியே," என்றார் மென்றுகொண்டே. "அந்தச் சின்னப் பொண்ணுகிட்டயா?"

"ஆமா."

"ரொம்பக் கேவலம்."

"ஆமாங்க," என்றாள்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகளிடம் அன்று மாலையே சொன்னார்கள். அவள் கோபித்துக்கொண்டாள், கொஞ்சம் அழுதாள், பிறகு நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கினாள். டாக்டர் ஒரு காகிதத்தைக் கொடுத்து, நடுவில் ஆரம்பித்துச் சுருளாகச் சுற்றிக்கொண்டே வரையச் சொன்னார். சலூன்காரர் வரைந்தது ரம்பத்தின் பல்லைப்போல வந்தது. அவர் அதைத் தன் கையெழுத்து இல்லை என்பதுபோல் தள்ளி வைத்தார்.

"பயப்படற வியாதி இல்லை," என்றார் டாக்டர். "சில பேருக்கு வரும். முழுசா போகாது. மாத்திரையில பாதி குறையும்."

"கத்தி?"

"வேண்டாம்."

"கத்தரி?"

"சீப்பை அணைச்சுப் பிடிச்சு வெட்டறதுன்னா பாக்கலாம். நீங்களே ஒரு டம்மி தலையில முயற்சி பண்ணிப் பாருங்க."

"டம்மிக்கு அப்பா எங்க போவார்," என்றாள் மகள். "என் தலை இருக்கு."

முதல் முடிவெட்டு அவளுக்குத்தான் நடந்தது. சீப்பின்மேல் கத்தரி தாங்கி நின்றதால் பரவாயில்லாமல் வந்தது. பின்பக்கம் மட்டும் ஒரு இடத்தில் படி விழுந்திருந்தது. இப்போது இதுதான் ஸ்டைல் என்று அவள் கடையில் சொல்லிக்கொண்டாள்.

சலூன் பலகையில் "சவரம்" என்ற சொல்லின்மேல் அவரே வெள்ளை அடித்தார். தூரிகை அங்கங்கே வெளியே போயிற்று. உள்ளே வருகிறவர்களிடம் நேராகச் சொன்னார்: "கை நடுங்குது. முடி மட்டும் வெட்டறேன். இஷ்டம்னா உக்காருங்க." நாலைந்து பேர் திரும்பிப் போனார்கள். ஓரிருவர் இல்லாத வேலை நினைவுக்கு வந்ததுபோல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். தெருவில் தாடிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அடுத்த தெருச் சலூனில் முகத்தை மழித்துக்கொண்டு, முடிவெட்ட இவரிடம் வந்தார்கள். தபால்காரர் பிளாஸ்திரி எடுத்த வாரம் வந்து உட்கார்ந்து, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்குச் சலூன்காரர் ஒரு முடிவெட்டுக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

கோலை மட்டும் அவர் தொடவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அவளே துணி எடுத்துத் துடைத்தாள். அவர் அந்த நேரம் வெளியே போய்விடுவார். அவளும் கூப்பிடவில்லை. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் கோலை எடுத்துப் பார்த்தபோது, லேத்து வைத்த தோல் அடிபட்டு விளிம்பில் காளான்போல் பிதுங்கியிருந்தது. மாற்ற வேண்டும் என்று அவளே சாப்பாட்டின்போது சொன்னாள். சாதாரணமாகச் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்குப் போனபின், அவர் உறையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கூடத்து மாடிப்படியில் ஏறினார். காலை நேரம். மேசைகளின்மேல் துணி மூடியிருந்தது. லேத்து பின்னறையில் தனியாக இருந்தான். இவரைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வாங்கண்ணே."

"தோல் மாத்தணும்."

"வெச்சுட்டுப் போங்க. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துடறேன்."

"இல்ல. நான் இருக்கேன்." அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். இயந்திரத்தை ஏற இறங்கப் பார்த்தார். "இதுதானா அந்த மிஷின்."

"ஆமாண்ணே. பென்சிலும் சீவும்."

சலூன்காரர் ஒரு நொடி அவனைப் பார்த்தார். "உன் காதுக்கும் வந்துடுச்சா."

"தெருவுக்கே தெரியும்ணே."

அவன் பழைய தோலைச் சீவி எடுத்தான். பூணின் மேல்பக்கத்தைச் சமப்படுத்தினான். நாலைந்து புதுத் தோல்களை மேசையில் பரப்பினான். ஒன்றை எடுக்கப் போனவனை அவர் நிறுத்தினார்.

"அது வேணாம். கல்லு மாதிரி இருக்கும். அவ அடி மெதுவான அடி. அதுக்குப் பக்கத்துல இருக்கே, அது."

ஒட்டி, இறுக்கிக் கட்டி, பசை காயும்வரை இருவரும் காத்திருந்தார்கள். லேத்து டீ வரவழைத்தான். தம்ளர் நிறைய இருந்தது. சலூன்காரர் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கையைப் பையிலிருந்து எடுத்தார். கொஞ்சம் மேசையில் சிந்தியது. லேத்து துணியால் துடைத்துவிட்டுத் தன் டீயைக் குடித்தான்.

இயந்திரம் சுழல ஆரம்பித்தது. தோல் இழை இழையாகச் சுருண்டு விழுந்தது.

"நிறுத்து," என்றார். லேத்து நிறுத்தினான். "எல்லாருக்கும் போடற உருட்டு இவளுக்குச் சரிப்படாது. முக்காவாசி பந்தோட நடுவுக்குக் கீழதான் அடிப்பா. தோல்ல நடுவை விட்டுடு. ஓரத்துல கொஞ்சம் கூடுதலா சரிவு வேணும்."

"எந்த இடத்துல இருந்துண்ணே?"

சலூன்காரர் ஆள்காட்டி விரலை நீட்டினார். முனைக்கு அருகே போகப் போக விரல் அதிகமாக ஆடியது. லேத்து அந்தக் கையைப் பிடிக்கவும் இல்லை, வேறு பக்கம் திரும்பவும் இல்லை. கோலை அசையாமல் பிடித்துக்கொண்டு இருந்தான். விரல் தோலைத் தொட்டு நின்றது.

"இங்க இருந்து."

"சரிண்ணே," என்று அந்த இடத்தில் நகத்தால் ஒரு கோடு போட்டான் லேத்து.

மூன்றே முக்காலுக்கு அவள் வேலை முடிந்து மாடிக்கு வந்தபோது மேசைகள் எல்லாம் நிறைந்திருந்தன. பின்னறைக் கதவு திறந்திருந்தது. இரண்டு தலைகள் ஒரே விளக்கின் கீழே குனிந்திருந்தன. அவள் வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, வந்துட்டீங்களா," என்றான் லேத்து நிமிராமல். "காலையில வந்தவர். மத்தியானச் சாப்பாடு இங்கதான். மூணு தடவை மிஷினை நிறுத்த வெச்சுட்டார்."

"நாலாவது தடவையும் நிறுத்து," என்றார் சலூன்காரர். "வலது பக்கம் ஒரு மயிரிழை தூக்கலா இருக்கு."

லேத்து நிறுத்திவிட்டு நகத்தை ஓட்டினான். "ஒண்ணும் இல்லையேண்ணே."

"இருக்கு. பொறுமையா ஓட்டு."

லேத்து கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஓட்டினான். பாதியில் நகம் நின்றது. உப்புத்தாளை எடுத்தான்.

முதலாளி அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். "இஸ்திரி அக்கா, மேசை காலியா இருக்கு. வேற கோல் ஒண்ணு எடுத்துக்கிட்டு ஆரம்பிங்க."

"என் கோல் வரட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் சுவரோரப் பலகையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, காலை நீட்டிக்கொண்டாள்.